யெரிட்சாவின் மாடி அறை

யெரிட்சா என் பக்கத்து வீட்டுக்காரி. புருஷன் போன பிறகு மாடி அறையை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைத்தாள். எங்கள் ஊரான செர்க்னிட்சாவுக்கு வருகிறவர்கள் ஏரிக்காகத்தான் வருகிறார்கள். ஏரியோ கோடை வந்தால் தரைப் பொந்துகள் வழியாகக் குகைகளுக்குள் இறங்கிப் போய்விடும். பிறகு அங்கே நாங்கள் புல் அறுப்போம்.

அந்த ஆகஸ்டில் அறைக்கு ஆளே வரவில்லை. நான் ஏரிக்குள் புல் அறுத்துவிட்டு அவள் சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மாரிபோரிலிருந்து ஒரு அம்மாள், சோஃப்கா என்று பெயர். தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டாள். யெரிட்சா என் சட்டையில் ஒட்டியிருந்த புல்லைப் பார்த்துக்கொண்டே, "இருக்கும்மா, வாங்க" என்றாள்.

போனை வைத்ததும் என்னிடம் சண்டைக்கு வந்தாள். "பொந்துகிட்ட ஒரு குட்டை கிடக்குல்ல?"

"அதுல வாத்து முட்டி போட்டுத்தான் நீந்தணும்" என்றேன்.

அந்த அம்மாள் புருஷனோடு வந்து இறங்கினாள். அவர் ஹிங்கோ, ரயில் ஓட்டியவர். பக்கத்து ராகெக் ஸ்டேஷனை வாழ்நாளெல்லாம் கடந்தும் ஒருநாள்கூட இறங்கி ஏரியைப் பார்த்ததில்லை. இப்போது கண் மங்கிக்கொண்டே வருகிறது, குளிர்காலம் வரை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இதையெல்லாம் வந்த பிறகுதான் யெரிட்சாவிடம் சொன்னார்கள்.

கரைக்கு அவளே கூட்டிப்போனாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள். காற்றில் நாணல் சாய்ந்து சாய்ந்து எழுந்தது.

"அம்மாடி, என்ன அகலம். அலை அடிக்குது பாரு, சோஃப்கா" என்றார் அவர்.

அந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை. யெரிட்சாவும் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவர் அவள் பக்கம் திரும்பி, எவ்வளவு ஆழம் என்று கேட்டுவிட்டார்.

"அது தண்ணி இல்லைங்க ஐயா. புல்லு. ஏரி போன மாசமே போயிடுச்சு."

அவர் குனிந்து ஒரு பிடி பிடுங்கி மோந்து பார்த்தார். நல்ல புல் என்றார், அவ்வளவுதான். அவர் மனைவி மட்டும், "போன்ல கேட்டேனேம்மா உங்களை" என்றாள். குரலை உயர்த்தவில்லை. யெரிட்சாவின் முகம் செத்துப்போனது.

மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள்.

நவம்பர் மழையில் பொந்துகளெல்லாம் தண்ணீரைக் கக்கி, ஏரி சாலையோரம் வரை வந்து நின்றது. யெரிட்சா தானே போன் போட்டாள், அறைக்குக் காசு வேண்டாம், உடனே வாங்க என்று. இப்போது அவருக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் பிரிந்து தெரிகிறது என்று அந்த அம்மாள் சொன்னாளாம். ஏரி வந்த சேதியை அவரிடம் சொல்லப் போவதில்லை என்றாளாம்.

அதிலிருந்து யார் போனில் கேட்டாலும் யெரிட்சா தண்ணீர் இல்லை என்கிறாள். ஜன்னலுக்கு வெளியே ஏரி ததும்பிக்கொண்டிருக்கும்போதும் அதே பதில்தான்.

"இதுவும் பொய்தானேடி" என்று திட்டினேன்.

"இதை நம்பி யாரும் கிளம்பி வரமாட்டாங்கல்ல" என்றாள்.

அறை காலியாகத்தான் கிடக்கிறது.