முக்கில் நின்ற கறுப்பு வண்டி

எங்கள் ரேணுகாவுக்கு ஊட்டியில் கம்ப்யூட்டர் வேலை என்பதில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம் முழுக்கப் பெருமை. என்ன வேலை என்றுதான் யாருக்கும் விளங்கவில்லை. "டிவியில ரோட்டக் காட்டுவாங்களாம், இவ ஒக்காந்து பாப்பாளாம், சம்பளம் குடுப்பாங்களாம்" என்பாள் அவள் அம்மா ஆண்டாயி. இதைக் கேட்ட என் வீட்டுக்காரர் தானும் அந்த வேலைக்குப் போகலாமா என்று யோசித்தார். உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பதில் அவருக்கு இருபது வருட அனுபவம்.

விஷயம் இதுதான். சாலைகள் கூடும் இடத்தில் கம்பத்தில் கேமரா கட்டிப் படம் எடுப்பார்கள். ஒரு மென்பொருள் அந்தப் படத்தைப் பார்த்து, ஒவ்வொரு வண்டியையும் சுற்றிக் கட்டம் போட்டு, இது கார், இது பஸ் என்று பெயர் எழுதும். எது எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்றும் சொல்லும். மலைப்பனியில் மட்டும் அதற்குக் கண் தெரியாது. ஒரே குடைக்குள் போகிற மூன்று பெண்களை ஆட்டோ என்று எழுதிவிடும். அதையெல்லாம் திருத்துவது ரேணுகாவின் வேலை.

போன மழைக்காலம் முடிந்ததும் சோலூர்ப் பக்கம் எங்கள் லயத்துக்கு எதிரே இருக்கும் முக்கிலேயே கேமரா கட்டினார்கள். பஸ் நிற்கும் இடம் அது. சொந்த ஊரைத் திரையில் பார்த்த குஷியில் ரேணுகா மடமடவென்று வேலையை முடித்துக் கொடுத்தாள்.

அறிக்கை தயாரானது. தினமும் சாயங்காலம் முக்கின் நடுவே ஒரு பெரிய கறுப்பு வேன் நிற்கிறதாம். பஸ்ஸும் மற்ற வண்டிகளும் அதற்குப் பின்னால் காத்துக் கிடக்கின்றனவாம். இடம் போதாததால் பஸ் ஸ்டாப்பைக் கீழே பாலத்துக்கு மாற்ற வேண்டுமாம். பாலத்திலிருந்து லயத்துக்கு வரும் பாதையில் ஆடுகூட யோசித்துத்தான் ஏறும். ஆண்டாயிக்கு முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்வர அவளுக்கு அந்த பஸ்ஸை விட்டால் வேறு கதியில்லை.

ரேணுகா பதறிப்போய் வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். கறுப்பு வேன் வாலை ஆட்டியது.

அது எங்கள் முக்குக்குத் தினமும் வரும் காட்டுமாடு. நடுரோட்டில் நின்று சாவகாசமாக அசைபோடும். வருகிற வண்டிகளெல்லாம் என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருக்கும். ஹாரன் அடிப்பவனை நாங்கள் மனிதனாகவே மதிப்பதில்லை. ரோட்டில் நிற்கிறது, மற்றவர்களை நிறுத்துகிறது, மென்பொருளும் வேன் என்கிறது. பிறந்ததிலிருந்து அதற்கு வழிவிட்டே பழகிய ரேணுகாவுக்கு அதில் ஒன்றும் உறுத்தவில்லை. முதல் தடவை திருத்தும்போது அப்படியே விட்டுவிட்டிருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதாள். "மாட்டுக்கும் வேனுக்கும் வித்தியாசம் தெரியாமயா புள்ள ஒன்னப் படிக்க வச்சேன்?" என்றாள் ஆண்டாயி. வெட்கம் பிடுங்கித் தின்றாலும், வேலையே போனாலும் போகட்டும் என்று மறுநாள் மேலாளர் வசந்த்குமாரிடம் உண்மையைச் சொன்னாள். கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்தவர். ஆபீசுக்குள்ளும் குரங்குக் குல்லாயைக் கழற்றாத ஆள்.

"அது வண்டியில்லைங்க சார், காட்டுமாடுங்க. வால் ஆடுது பாருங்க."

"அது பின்கண்ணாடி வைப்பருங்க. ஏனுங்க, உங்க ஊடு அந்த முக்குலதான இருக்குது? ஸ்டாப் போயிரும்னு மாட்டைக் கொண்டாறீங்களா?"

"நேர்ல வந்து பாருங்க சார்."

"வாறனுங்க. மாடு இல்லீன்னா நீங்க வேற வேலை பாத்துக்கங்க."

சாயங்காலம் அவளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு காரில் வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஆண்டாயியும் நானும் அவர்களுக்குப் பின்னாலேயே பஸ்ஸில் இருந்தோம். முக்கில் மாடு நின்றது. பார்த்தாயிற்று, பேசாமல் இருந்திருக்கலாம். அந்தக் கை சும்மா இருக்குமா? ரேணுகா வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் ஹாரனை அழுத்தினார்.

மாடு திரும்பித் தலையைத் தாழ்த்தியது. கார் பானெட் அப்பளமானது. வசந்த்குமார் கதவைத் திறந்து ஒரே ஓட்டமாக வந்து எங்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

ஆண்டாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஐயா, எம்புள்ளய எங்க விட்டுட்டு வந்தீங்க?"

அவர் குல்லாயை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். எனக்கு அந்த ஆளை அப்படியே கீழே தள்ளிவிடலாம் போல ஆத்திரம் வந்தது. காருக்குள் ரேணுகா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மாடு கண்ணாடி வழியாக அவளை ஒரு பார்வை பார்த்தது. பிறகு போதும் என்று தோன்றியதோ என்னவோ, தேயிலைக்குள் இறங்கிப் போனது. ஆண்டாயி முட்டிவலியை மறந்து பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடினாள்.

அறிக்கையை வசந்த்குமாரே திருத்தி எழுதினார். ஸ்டாப் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ரேணுகாவின் வேலையும் இருக்கிறது.

கம்பத்துக் கேமராவை அன்றைக்கு இன்னும் கழற்றியிருக்கவில்லை. அந்த வீடியோவும் ரேணுகாவிடமே வந்தது. மாட்டைச் சுற்றியிருந்த கட்டத்தை இந்த முறை கவனமாக நீக்கினாள். காரிலிருந்து பஸ்ஸுக்கு ஓடிய மேலாளரைச் சுற்றியும் ஒரு கட்டம் இருந்தது. மென்பொருள் அதில் 'இருசக்கர வாகனம், அதிவேகம்' என்று எழுதியிருந்தது.

அதை மட்டும் அவள் திருத்தவில்லை.