கொட்டாங்குச்சிக்கு ஓடி வந்த கோழிகள்

கோழி வந்த நாளைத்தான் துரைக்கண்ணு தன் கல்யாண நாளாக நினைவில் வைத்திருக்கிறான். மேளம் அடித்தது, பந்தியில் யாரோ ரசத்துக்குச் சண்டை போட்டது எல்லாம் மங்கிப் போய்விட்டன. மறுநாள் காலையில் மலைப்பாதையில் அவனுக்குப் பின்னால் காந்தா நடந்து வந்ததும், அவள் தலையில் இருந்த மூங்கில் கூடைக்குள் மூன்று கோழிகள் வழிநெடுக முனகிக்கொண்டே வந்ததும்தான் அப்படியே இருக்கின்றன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலோ, ஐந்தோ. மலையடிவாரத்து அமிர்திக்கு மேலே அப்போது கால்தான் வண்டி.

காந்தாவின் ஊர் மலைக்கு அந்தப் பக்கம், கலசப்பாக்கத்துக்கு இறங்கும் சரிவில் இருந்தது. வழியனுப்பும்போது அவளுடைய அம்மா வெள்ளையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்க வூட்டுக் கோழிங்க மாப்ள. புது எடம், பழகறதுக்கு நாளாவும். கோழி பழகிட்டா எம் பொண்ணும் பழகிட்டான்னு வெச்சிக்குங்க."

பிரிய மனமில்லாத ஒரு தாய் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். துரைக்கண்ணு அதை அம்மன் வாக்காக எடுத்துக்கொண்டான். அவன் பேச்சுக்குக் கஞ்சன். அப்பா அம்மா இல்லாமல் பெரியம்மாள் என்ற அத்தையிடம் வளர்ந்தவன். அத்தை ஒருத்தியே பத்துப் பேருக்குப் பேசுவாள். அந்த வீட்டில் இன்னொரு வாய்க்கு வேலை இருக்கவில்லை. சாமைக் கொல்லையிலும் புளிய மரத்து உச்சியிலும் தனியாக இருந்தே பழகிவிட்டான். புதுப் பெண்டாட்டியிடம் 'சாப்பிட்டியா' என்று கேட்பதற்குள் அவள் சாப்பிட்டு, கை கழுவி, பாத்திரமும் துலக்கி முடித்திருப்பாள்.

அத்தை வீடு பக்கத்திலேயே. கூடையை இறக்கியதும் வந்துவிட்டாள். ஒவ்வொரு கோழியாக எடுத்து வாசல் உரலை மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டினாள். அப்படிச் செய்தால் கோழி பழைய வழியை மறந்துவிடும். பிறகு கூடையைக் கவிழ்த்து மேலே ஒரு கல்லை வைத்து, துரைக்கண்ணுவைத் தனியாக இழுத்துப்போய்ச் சொன்னாள்:

"டேய் துரை, ஆடிக்கு இவ அண்ணங்காரன் வந்து கூட்டிக்கினு போவான். மொத ஆடி, போய்த்தான் ஆவணும். கோழிங்கள வுட்டுட்டுப் போனாள்னா திரும்பி வருவா. கூடையோட போனாள்னா அவ்ளோதான். கீழ்மொழுவு ஊர்ல ரங்கசாமி பொண்டாட்டி கூடையோடதான் போனா. அவன் இன்னும் தானே களி கிண்டித் தின்னுக்கினு கீறான்."

அன்று முதல் துரைக்கண்ணுவுக்கு ஒரே கவலை. ஆடிக்குள் கோழிகளைப் பழக்கிவிட வேண்டும். பெண்டாட்டியைப் பழக்குவது எப்படி என்று அவனுக்குத் தெரியாது. கோழியைப் பழக்கத் தெரியும்.

மூன்றில் ஒன்று கருப்பி, ஒன்று செவலை. தலையில் மயிர்க்கொத்து வைத்திருந்த மூன்றாவது கொண்டைக்காரி. கூடைக்குள் இருந்த நாட்களில் அவன் இடுக்கு வழியாகச் சாமை நொய்யை ஒவ்வொரு சிட்டிகையாகப் போட்டான். கருப்பி முதலில் விரலைக் கொத்தினாள். பிறகு நொய்யைக் கொத்தினாள். கூப்பிட வேண்டும் என்று வந்தபோது வாய் வரவில்லை. வாசலில் நின்று 'பா... பா...' என்று கத்தினால் ஊரே திரும்பிப் பார்க்குமே! அதனால் ஒரு கொட்டாங்குச்சியில் நொய்யைப் போட்டுக்கொண்டு சுள்ளியால் தட்டினான். டொக், டொக், டொக். அதுதான் அவன் குரல்.

கூடையைத் திறந்துவிட்ட பிறகு தீனி வகை வகையாக ஆனது. உடைந்த பானை ஒன்றில் ஈரச் சாணியும் சாமைத் தாளும் அடைத்து, சாயங்காலம் கொல்லைக் கோடியில் இருந்த புற்றின் மேல் கவிழ்த்துவிட்டு வருவான். காலையில் தூக்கினால் உள்ளே கரையான் வெள்ளை வெள்ளையாக மொய்த்துக் கிடக்கும். அதை வாசலில் உதறினால் கோழிகளுக்குத் தலைகால் புரியாது. சித்திரை மழைக்கு ஈசல் கிளம்பியபோது விளக்கடியில் குந்தி முறம் முறமாக வாரினான். வைகாசியில் பலாச்சுளையில் அவன் பங்கும் அவைகளுக்கே போனது. ஆறின களியை உருட்டி உருட்டிப் போட்டான். அந்த ஈரச் சாணியும் பலாப்பழமும் கலந்த வாசனை எங்கேயாவது வந்தால், இன்றைக்கும் அவனுக்கு இருபத்து நாலு வயசாகிவிடும்.

"ஏன்டா, கோழிக்கு நீ தீனி போடறியா, சீமந்தம் பண்றியா?" என்று அத்தை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். "எனக்கு ஒரு நாள் ஒரு சுளை குடுத்திருப்பியா நீ?"

அவன் சிரித்துக்கொண்டே கொட்டாங்குச்சியைத் தட்டினான். கோழிகள் பறந்து வந்தன. காந்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்குச் சந்தோஷம்தான் என்று நினைத்துக்கொண்டான்.

ஆனி மாதத்துக்குள் கோழிகள் அவனுக்குப் பின்னாலேயே கொல்லைக்கு வர ஆரம்பித்தன. அவன் ஏர் ஓட்டினால் சாலுக்குள் புழு பொறுக்கும். மரத்தடியில் படுத்தால் கொண்டைக்காரி வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். பழகிவிட்டன என்று உள்ளுக்குள் குதித்தான். முட்டைதான் ஒன்றையும் காணவில்லை. அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம் அவன் புளியஞ்சுள்ளி வெட்டிக்கொண்டிருந்தான். மேலே பருந்து ஒன்று வட்டம் போட்டது. காந்தா வாசலுக்கு ஓடி வந்து, "பா... பா... பா..." என்று கூப்பிட்டாள். வேலியோரம் சீய்த்துக்கொண்டிருந்த கோழிகள் தலையைத் தூக்கிப் பார்த்தன, மறுபடி சீய்த்தன. பருந்து இறங்கியது. காந்தா குரலை உயர்த்திக் கூப்பிட்டாள். கருப்பி அவளைப் பார்த்துவிட்டு, கழுத்தைத் திருப்பி அவனைத் தேடினாள். துரைக்கண்ணு அரிவாளைப் போட்டுவிட்டுக் கொட்டாங்குச்சியைத் தட்டினான். டொக், டொக். மூன்றும் காந்தாவின் காலைச் சுற்றிக்கொண்டு அவனிடம் ஓடி வந்தன. பருந்து புளிய மரத்துக்கு மேலே போய்விட்டது.

அவன் பெருமையோடு நிமிர்ந்தான். காந்தா உரல் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னா?" என்றான் பதறி. "ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆவலையே."

"உங்களுக்கு இன்னாங்க? ஊரு கீது, அத்த கீது, மரம் கொல்ல எல்லாம் கீது. எனக்கு இந்த மூணுதான் இருந்துது. எங்க வூட்ல நான் ஒரு கொரல் குடுத்தா எந்தப் பொதர்ல இருந்தாலும் ஓடி வரும். இப்ப எங் கொரலே அதுங்களுக்குத் தெரியல. அதையும் உங்க பக்கம் சேத்துக்கினீங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேலும் சொன்னாள்: "கரையானும் பலாப்பழமுமா தின்னுக் கொழுத்துக் கெடக்குது. கொழுத்த கோழி முட்ட வெக்குமா? நான் சொன்னா கேக்கற ஆளா நீங்க? சொன்னாத்தான் திரும்பி ஒரு வார்த்த வரப்போவுதா?"

வந்த நாளிலிருந்து அவள் அவ்வளவு பேசியதில்லை. உனக்காகத்தான் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான்.  சொல்வதற்குப் பதில் கொட்டாங்குச்சியை அவள் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போனான். அவள் அதைத் தொடவில்லை. மறுநாள் காலையிலும் அது அங்கேயேதான் கிடந்தது. கோழிகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன.

அதற்குப் பிறகு அவன் தீனி வைக்கவில்லை. அவள் வைத்தாள். அவை தின்றுவிட்டு அவனைத் தேடிக்கொண்டு கொல்லைக்குப் போயின. அவன் விரட்டினான், விளையாட்டு என்று நினைத்து இன்னும் கிட்டே வந்தன.

ஆடி பிறப்பதற்கு முதல் நாள் காந்தாவின் அண்ணன் கருப்பன் வந்தான். வந்ததும் வராததுமாக மோர் குடித்து, வெத்திலை போட்டு, ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்தான். துரைக்கண்ணு எல்லாவற்றுக்கும் 'ம்' என்றான். விடிந்ததும் கிளம்புவது என்று ஆனது.

விடியலில் துரைக்கண்ணு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்பினான். வாசலில் மூங்கில் கூடை நிமிர்ந்து இருந்தது. உள்ளே புதுச் சாமைத் தாள் பரப்பியிருந்தது. காந்தா கருப்பியைப் பிடித்துக் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். செவலையும் கொண்டைக்காரியும் ஏற்கெனவே கூடைக்குள் உட்கார்ந்து அவனைப் பார்த்து முனகின. வேலிக்கு அந்தப் பக்கம் அத்தை நின்றாள். பத்துப் பேருக்குப் பேசுகிற வாய் மூடிக் கிடந்தது.

"பொறப்படலாமா தங்கச்சி?" என்றான் கருப்பன்.

துரைக்கண்ணு கூடைக்கு எதிரில் வந்து நின்றான்.  தட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை.

"உங்கம்மா சொன்னாங்க," என்றான்.

"இன்னா சொன்னாங்க?"

"கோழி பழகிட்டா... நீயும் பழகிட்டன்னு அர்த்தம்னு. அதான் போட்டேன். கரையான் எல்லாம். கோழிக்காவப் போடல."

காந்தா கட்டிக்கொண்டிருந்த கயிறு கையில் அப்படியே நின்றது. கருப்பன் வெத்திலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அதுக்குன்னு கோழியப் பழக்கினீங்களா?" என்றாள் காந்தா. "அப்ப என்னை யாரு பழக்கறது?"

கருப்பன் சிரித்த சிரிப்பில் வெத்திலைச் சாறு சட்டையில் வழிந்தது. "மாப்ள, எங்கம்மா வாயத் தொறந்தா ஆயிரம் சொல்லும். கோழி தண்ணி குடிச்சா மழ வரும்னு கூடத்தான் சொல்லும். அதையெல்லாம் நம்பிக்கினு!" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அத்தை, "வாயத் தொறந்தான்டி! மாரியாத்தா, வாயத் தொறந்துட்டான்டி!" என்று கத்தினாள்.

காந்தா சிரிக்கவில்லை. முகம் சிவந்திருந்தது. குனிந்து கருப்பியின் காலில் போட்ட முடிச்சை அவிழ்த்தாள். பிறகு கூடையைச் சாய்த்தாள். செவலையும் கொண்டைக்காரியும் உதறிக்கொண்டு வெளியே வந்தன.

"கேட்டுக்குங்க," என்று ஆரம்பித்தாள். "காலைல கை நெறைய நொய் போதும். மத்தியானம் ஒண்ணும் போடாதீங்க, அதுங்களே சீய்ச்சித் தின்னும். அடையறதுக்கு முன்ன ஒரு கை கேவுரு. கரையான் எப்பவாவது போடுங்க, தெனமும் வேணாம். முருங்கைக்கீர கிள்ளிப் போடுங்க. பலாப்பழத்த நீங்க தின்னுங்க, எலும்பாட்டம் கீறீங்க. தண்ணிய நெழல்ல வையுங்க. இன்னொண்ணு..." அவனை நேராகப் பார்த்தாள். "கொட்டாங்குச்சி தட்டக் கூடாது. வாயால கூப்புடணும். நான் கூப்புடறாப்பலயே கூப்புடணும். இல்லன்னா நான் திரும்பி வர்றப்ப அதுங்களுக்கு எங் கொரல் தெரியாது."

வெறும் கூடையை வாசலிலேயே விட்டுவிட்டு அவள் அண்ணனுக்குப் பின்னால் நடந்தாள். பாதை திரும்பும் இடத்துப் புளிய மரம் வரைக்கும் துரைக்கண்ணு பார்த்துக்கொண்டே நின்றான்.

அந்த ஆடி மாதம் முழுக்க அந்த ஊர் ஒரு புதுச் சத்தத்துக்கு எழுந்தது. முதல் நாள் "பா" என்று ஒன்று மட்டும் வந்தது, தொண்டையில் முள் மாட்டின மாதிரி. கோழிகள் அவனை விநோதமாகப் பார்த்தன. அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னும் கொஞ்சம் மெல்லிசா கூப்புடுடா. அவ கொரல் என்ன எரும கொரலா?" தண்ணீர் எடுக்கப் போகும் பெண்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவனுக்குக் காது சுட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. மாதம் பாதி போவதற்குள் "பா... பா... பா..." என்று காந்தா இழுக்கிற இழுப்பு வந்துவிட்டது. தீனி குறைந்ததில் கோழிகள் இளைத்து, கொண்டை சிவந்து, தானியக் குதிருக்குப் பின்னால் கொக்கரித்து முட்டை வைக்கவும் தொடங்கின.

ஆவணி பிறந்து ஒரு மத்தியானம். அவன் வாசலில் கேழ்வரகு கையோடு குந்தியிருந்தான். கோழிகள் எதிரில் நின்றன. பாதை முனையிலிருந்து ஒரு குரல் வந்தது. "பா... பா... பா..."

கொண்டைக்காரி முதலில் தலையைத் தூக்கினாள். பிறகு மூன்றும் அவன் கையில் இருந்த கேழ்வரகை விட்டுவிட்டு, இறக்கையை விரித்துக்கொண்டு புளிய மரத்தை நோக்கி ஓடின. அப்படி ஓட விட்டுவிட்டுத் தான் மட்டும் வாசலில் குந்தியிருந்ததில் இருந்த சுகத்தை, மலைக்கு ரோடும் பஸ்ஸும் வந்து, பேரன்கள் வேலூரில் படிக்கப் போன பிறகும் அவன் மறக்கவில்லை.

காந்தா வந்து மூட்டையை இறக்கினாள். காலைச் சுற்றிக் கோழிகள்.

"முட்ட வெச்சுதா?"

"வெச்சுது."

"தின்னீங்களா?"

அவன் உள்ளே போய் ஒரு மண்சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். சாமைத் தவிட்டுக்குள் முட்டைகளைப் புதைத்து வைத்திருந்தான்.

"நீ வரட்டும்னு எடுத்து வெச்சேன்."

"ஒண்ணுகூடத் தின்னலயா? ஐயோ, பாதி நாறிப் போயிருக்குமே!"

அவள் முட்டை ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். தளக் தளக்கென்றது. முகத்தைச் சுளித்துத் தூர வைத்தாள். அடுத்ததை எடுத்து ஆட்டினாள், சத்தம் இல்லை. அதை அவனிடம் நீட்டினாள்.

"இது நல்லாருக்குது. புடிங்க. தண்ணி கொதிக்க வெக்கிறேன், பேசிக்கினு இருங்க."