அம்மா கை தூக்கிய ஞாயிறு

என் அம்மாவுக்குப் பெங்காலியில் மூன்று சொற்கள் தெரியும். கொத்தோ, நா, தாக். அதாவது என்ன விலை, இல்லை, இருக்கட்டும். பெஹாலா சந்தையில் இந்த மூன்றை வைத்தே வாரம் முழுவதற்குமான மீனும் காயும் வாங்கி வந்துவிடுவாள். மூன்றில் இரண்டு வேண்டாம் என்பதற்கானவை என்று அப்பா கேலி செய்வார். வீட்டில் மணி அடித்தால் கதவைத் திறக்க என்னைத்தான் அனுப்புவாள். மாடிவீட்டுப் பெங்காலி மாஷிமா படியில் நின்று பேசும்போது அம்மா சிரித்துக்கொண்டே நிற்பாள். உன் அம்மாவைப் போல அமைதியான மனுஷி இந்தத் தெருவிலேயே இல்லை என்று மாஷிமா என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

மாஷிமா அவளை ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்க வேண்டும். கிடர்பூரில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் கோயில் இருந்தது. அப்பாவைப் போலத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து நடத்திய சின்னக் கோயில். அதன் கேட்டைத் தாண்டியதும் அம்மா வேறு ஆளாகிவிடுவாள். ஆறு நாள் அடைத்து வைத்திருந்த பேச்சு அங்கே மடை திறக்கும். ஆராதனையில் முதல் அடியை அவள் எடுத்துக் கொடுத்த பிறகுதான் சபை பாடும். ஆராதனை முடிந்ததும் வராந்தாவில் பெண்கள் நடுவில் உட்கார்ந்து, கை தட்டிச் சிரித்து, ஊர்க் கதை அவ்வளவையும் பேசித் தீர்ப்பாள். அப்பா இரண்டு முறை வந்து பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் போவார். எனக்கு அந்தச் சத்தம் வெட்கமாக இருக்கும். என் பள்ளிக்கூடத் தோழிகளின் அம்மாக்கள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்கு ஒன்பது வயதானபோது புதிய ஐயர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். இந்த ஐயர் தமிழர்தான் என்றாலும் வங்காளத்திலேயே பிறந்து வளர்ந்தவர். இரண்டு பாஷையும் அவருக்கு ஒரே வேகத்தில் வரும். அவர் வந்த சில மாதங்களில் கோயிலுக்குப் புது முகங்கள் வரத் தொடங்கின. பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸ்கள், தெருவிலிருந்த பெங்காலிக் குடும்பங்கள், தமிழ் அப்பாவும் பெங்காலி அம்மாவுமாகச் சிலர். உள்ளே இடமில்லாமல் அவர்கள் வராந்தாவில் நின்று, புரியாத பிரசங்கத்தைக் கடைசிவரை கேட்டுவிட்டுப் போனார்கள்.

பக்கச் சுவரை இடித்துக் கோயிலைப் பெரிதாக்க வேண்டும் என்றார் ஐயர். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் சுவரில் கை வைப்பதற்கு முன்னால் சபை தயாராக வேண்டும் என்று அவர் சொன்னது முதலில் யாருக்கும் விளங்கவில்லை. வரப்போகிறவர்களுக்காக முன் பெஞ்சுகளைக் காலியாக விடச் சொன்னார். நாங்கள் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, முன்னால் வெறும் பலகைகள் ஐயரைப் பார்த்துக்கொண்டிருந்தன. வராந்தாவில் நின்றவர்கள் கூச்சப்பட்டு அதில் வந்து உட்காரச் சில வாரங்கள் ஆயின. பிறகு புதுச் சுவர் வரும் இடத்தில், முற்றத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார்கள். ஆண்கள் வெயிலில் அதற்குள் நின்று ஜெபித்தார்கள். அவர்கள் நகர்ந்ததும் பிள்ளைகள் நாங்கள் அதில் நொண்டி விளையாடினோம். அசனப் பண்டிகைக்கு அந்தத் தெருவையே சாப்பிடக் கூப்பிட்டார்கள். பெங்காலிப் பெண்கள் எங்கள் குழம்பின் காரம் தாங்காமல் கண்ணில் நீர் வழிய, நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார்கள். அம்மா ஓடி ஓடிப் பரிமாறினாள். தயாராவது இவ்வளவுதான் என்றால் நல்லதுதான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் பெஹாலா முழுவதும் தண்ணீர் நின்றது. பஸ் ஓடவில்லை, போனும் கிடைக்கவில்லை. வேலைக்குப் போன அப்பா வரவில்லை. அம்மா அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்தேன். சபையில் சொல்வது போன்ற பெரிய ஜெபம் எனக்கு வராது. ப்ரொபு, பாபாவை வீட்டுக்குக் கொண்டுவந்து விடு என்று பெங்காலியில் திரும்பத் திரும்பச் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் அம்மா பின்னால் நின்றிருந்தாள்.

"யார்ட்டட்டி பேசுத?"

"ஜெபம் பண்றேன்."

"பெங்காலியிலயா?"

"ஏசப்பாவுக்கு எல்லா பாஷையும் தெரியும்மா."

அம்மா என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கத்தில் வந்து இன்னொரு கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அப்பா முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மழை விட்ட பிறகு ஒரு ஞாயிறு சபைக் கூட்டம் நடந்தது. அங்கேதான் ஐயர் மிச்சத்தைச் சொன்னார். சுவரை இடித்துக் கட்டிய பிறகு, ஞாயிறு காலை ஆராதனை பெங்காலியில் நடக்கும். தமிழ் ஆராதனை மாதக் கடைசி ஞாயிறு மட்டும். சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார்.

கோயிலில் சத்தம் எழுந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எழுந்து நின்றார்.

"எங்க அப்பா கல் சுமந்து கட்டுன கோயில் ஐயா இது. இதுல எங்க பாஷைக்கு மாசத்துல ஒருநாள்தானா?"

"உங்க பேரப்பிள்ளைக எங்க ஐயா?" என்று ஐயர் மெதுவாகக் கேட்டார். "போன ஞாயிறு வந்தாங்களா?"

பெரியவர் கைத்தடியைப் பிடித்தபடி நின்றார். உட்காரவில்லை. பெண்கள் எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் அவர்களுடைய முடிவு என்பது எனக்கே தெரிந்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா எழுந்தாள்.

"பாட்டும் பெங்காலிதானா?"

"ஆமாம்மா. பாட்டும்தான்."

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தலைமேல் சரியாகப் போட்டுக்கொண்டாள். "எம் பிள்ளைக்குத் தமிழ்ல ஜெபம் பண்ண வராது. பெங்காலியிலதான் பண்ணுது. அதுக்கும் ஒரு கோயில் வேணும்லா?" என்றாள். சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினாள்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. நான் ரகசியமாகச் செய்த ஜெபத்தை அவள் சபை முழுக்கச் சொல்லிவிட்டாள், என்னைப் பற்றிப் புகார் சொல்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. பெஞ்சுக்கு அடியில் புகுந்துவிடலாம் போலிருந்தது. அதனால் அடுத்தடுத்துக் கைகள் உயர்ந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை. பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வெளியே போனது மட்டும் நினைவிருக்கிறது. அம்மா அவர் பின்னாலேயே போய், வராந்தாவில் அவரோடு வெகுநேரம் நின்றாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

சுவர் விழுந்தது, புதுச் சுவர் எழுந்தது. அடுத்த ஈஸ்டருக்குள் பெரிய கோயில் தயாராகிவிட்டது. முதல் பெங்காலி ஆராதனைக்கு அம்மா நல்ல பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். புது வர்ணத்தின் வாசனை இன்னும் போகவில்லை. பெஞ்சுகள் நிரம்பி, பின்னாலும் ஆட்கள் நின்றார்கள். பாட்டைத் தொடங்கியவள் ஒரு இளம் நர்ஸ். அம்மாவின் உதடுகள் அவளைப் பார்த்துப் பார்த்து அசைந்தன. மற்றவர்கள் முடித்த சொல்லை அம்மா அப்போதுதான் தொடங்குவாள். நான் புத்தகம் பார்க்காமலே உரக்கப் பாடினேன். அந்தக் கோயிலில் முதல் முறையாக, ஐயர் வேடிக்கையாகச் சொன்ன ஒன்றுக்கு நானும் எல்லோரோடும் சேர்ந்து அதே நேரத்தில் சிரித்தேன்.

ஆராதனை முடிந்ததும் அம்மா உடனே புறப்பட்டுவிட்டாள். அப்பா கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மோமின்பூர் தாண்டி பஸ் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, அம்மா என் பக்கம் குனிந்தாள்.

"இன்னைக்கு ஐயர் பிரசங்கத்துல என்னட்டி சொன்னாரு?"

நான் சொன்னேன். ஐயர் சின்னப் பையனாக இருந்தபோது, குழாய்த் தண்ணீருக்காக அவர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் வந்த சண்டையைச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்ததும், ஐயரின் அம்மா கஞ்சி கொண்டு போனதைச் சொன்னேன். அது கொமா என்றேன். அதற்குத் தமிழ்ச் சொல் எனக்கு வரவில்லை.

"கொமான்னா?"

"சண்டை போட்ட பிறகு, போகட்டும்னு விட்டுடறது."

"மன்னிப்பு" என்றாள் அம்மா, தனக்குள் சொல்லிக்கொள்வது போல. "சரி, பெறவு?"

நான் சிரித்த வேடிக்கை எது என்றும் கேட்டாள். அதையும் சொன்னேன். அவள் சிரித்தாள். நான் ஒழுங்காகக் கவனித்தேனா என்று பரீட்சை வைக்கிறாள் என நினைத்துக்கொண்டு, ஒன்றையும் விடாமல் ஒப்பித்து முடித்தேன். முழு மார்க் வாங்கிய பெருமையோடு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.