மக்காச்சோளக் காட்டில் நீலத் தண்ணீர்

முப்பத்தொரு வருஷம் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டியவர் அவர். வேலையில் அவருக்கிருந்த ஒரே மனக்குறை, எந்தக் கதையும் முழுசாகக் காதில் விழாததுதான். "அப்புறம் டாக்டர் என்ன சொன்னாருன்னா..." என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நாலாம் மாடி வந்துவிடும், கதவு திறக்கும், கதையும் கூடவே இறங்கிப் போய்விடும். கூப்பிட்டுக் கேட்கவா முடியும்? இப்படி ஆயிரக்கணக்கான பாதிக் கதைகளை மண்டையில் சுமந்துகொண்டுதான் ஓய்வு பெற்றார்.

அவர் மனைவிக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருந்தது. நீர்த்தேக்கத்தை ஒட்டிய சிற்றூரின் தபால் நிலையத்துக்கு அந்த அம்மாவை மாற்றல் செய்ய, இவரும் கூடப் போனார். இரண்டே அறை உள்ள வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே நீளமாகக் கரை தெரியும். முதல் வாரம் அவர் அலமாரி டப்பாக்களையெல்லாம் உயர வரிசைப்படி அடுக்கி வைத்தார். மிளகு தேடி அலுத்த மனைவி, "உங்களுக்குக் கோடி புண்ணியமா போகும், காலைல எழுந்து எங்கயாவது நடந்துட்டு வாங்க" என்றார்.

அப்படித்தான் நடை ஆரம்பித்தது. கரைமேல் மூன்று கிலோமீட்டர், மதகு தாண்டி இறங்கினால் வயல் வரப்பு, பம்ப் அறைக்குப் பின்னால் சுற்றி வீடு. மற்றவர்கள் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிப்பதை அவர் மூன்று மணி நேரம் நடந்தார். நீர்க்காகம் ஏன் இறக்கையை விரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது, கரையின் உள்பக்கம் மட்டும் ஏன் கல் பதித்திருக்கிறார்கள் என்று எதிர்ப்பட்டவரையெல்லாம் கேட்டார். இரண்டே வாரத்தில் மதகுக் காவலாளி, தூரத்தில் அவர் தலை தெரிந்ததும் அறைக்குள் போய்விடப் பழகிக்கொண்டார்.

கோடை முற்றி, தேக்கத்தில் தண்ணீர் பாதிக்கும் கீழே இறங்கிய சமயம். கரைக்கு வெளிப்புறம் இருந்த நிலமெல்லாம் காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. ஒரு மக்காச்சோளக் காட்டின் மூலை மட்டும் கொழுகொழுவென்று பச்சை. ஆள் உயரத்துக்கு வளர்ந்து கதிர் பிடித்திருந்தது.

"தம்பி, இந்த மூலைக்கு மட்டும் தனியா தண்ணி விடுறீங்களா?" என்று அங்கே களை எடுத்துக்கொண்டிருந்த சோளக்காரரிடம் கேட்டார்.

"மண்ணு ராசிண்ணே."

"பக்கத்துப் பாத்தியும் அதே மண்ணுதானே?"

"நீங்க நடக்க வந்தீங்களா, விசாரணைக்கு வந்தீங்களா?"

லிஃப்ட்காரர் சிரித்துவிட்டு நகர்ந்தார். ஆனால் மறுநாளும் அங்கேதான் நின்றார். அந்த மூலையை ஒட்டிய ஓடையில் விரல் கனத்துக்குத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கையில் அள்ளினால் ஜில்லென்று இருந்தது. அடுத்த நாலு நாளில் அது மணிக்கட்டுக் கனமாகி, கலங்கலாகவும் வர ஆரம்பித்தது. மண்ணைக் கரைத்து எடுத்து வருகிற தண்ணீர்.

அதற்கு நேராகக் கரை ஏறி மறுபக்கம் இறங்கிப் பார்த்தார். தண்ணீர் விளிம்பில் ஒரு சருகு மிதந்தபடி வட்டமடித்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றில் உள்ளே போய்விட்டது. இன்னொரு சருகைப் போட்டார். அதுவும் போயிற்று. கரைக்குள் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

"இன்ஜினியர் ஆபீஸ்ல சொல்லுங்க" என்றார் மனைவி.

"இல சுத்துதுன்னு போய்ச் சொன்னா என்னை நம்புவாங்களா?"

மறுநாள் துவைக்கும் கல்லருகே இருந்த சொட்டு நீலப் புட்டிகள் மூன்றையும் காணோம். லிஃப்ட்காரர் அவற்றைச் சருகு மறைந்த இடத்தில் கவிழ்த்துவிட்டு, கரையைத் தாண்டி வந்து வரப்பில் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தபோது ஓடையில் இருந்து சோளக்காரரின் வெள்ளை வாத்து ஏறி வந்தது. வயிறெல்லாம் நீலம்.

"என்னத்தைக் கலந்து தொலைச்சீங்க? விஷமா?" சோளக்காரர் ஓடி வந்தார்.

"துணிக்குப் போடுற நீலம், தம்பி. அந்தப் பக்கம் ஊத்தினேன்."

சோளக்காரர் கரையைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார். கோபம் இறங்கி முகம் வெளிறியது. தாழ்ந்த குரலில், "அண்ணே, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இந்த வருஷம் எனக்குன்னு இருக்கிறது இந்த மூலை ஒண்ணுதான். அறுத்துக்கிறேன், அப்புறம் சொல்லுங்க" என்றார்.

அன்று லிஃப்ட்காரர் யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி தட்டைத் தள்ளி வைத்த அவரிடம் மனைவி எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிட்டு, "கரைக்குக் கீழ எத்தனை வீடு?" என்றார்.

"நாப்பத்தொண்ணு. அந்தத் தம்பி வீடு முதல் வீடு."



காலையில் நேராகச் சோளக்காரர் வீட்டு வாசலுக்குப் போனார். "தம்பி, நான் சொல்லத்தான் போறேன். உங்களுக்குத் தெரியாம போகக்கூடாதுன்னு வந்தேன்." பல் துலக்கிக்கொண்டிருந்த சோளக்காரர் வாயைக்கூடக் கொப்பளிக்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

பொறியாளர் சின்ன வயசுப் பெண். நீலக் கதையைக் கேட்டுச் சிரித்தார். ஆனாலும் எழுந்து வந்தார். சருகு சுற்றி மறைந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

இரண்டு நாள் தோண்டினார்கள். கரை கட்டிய காலத்தில் தண்ணீர் வடிக்கப் போட்டு, பிடுங்காமல் மறந்துபோன இரும்புக் குழாய் ஒன்று துருப்பிடித்து உடைந்து கிடந்தது. எந்த வரைபடத்திலும் அது இல்லை. அதைச் சுற்றி மண் அரித்து, தோள்வரை கை நுழையும் அளவுக்குப் பொந்து. "இன்னொரு மழைக்காலம் தாங்கியிருக்காது சார்" என்றார் அந்தப் பெண். சிமெண்ட் குழம்பை உள்ளே செலுத்தி அடைத்தார்கள்.

பதினைந்தே நாளில் பச்சை மூலை மஞ்சளாயிற்று. கதிரில் பாதிதான் தேறியது. லிஃப்ட்காரர் பாதையை மாற்றிக்கொள்ளவில்லை. தினமும் அதே வரப்பில் வந்து, "என்ன தம்பி" என்பார். சோளக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு களை எடுப்பார். இப்படியே ஐந்து மாதம்.

மழை கொட்டித் தீர்த்து, தேக்கம் விளிம்புவரை நிறைந்த ஒரு காலை. சோளக்காட்டுக் கிணற்றடியிலிருந்து ஒரு குரல்: "அண்ணே, ஒரு நிமிஷம்."

லிஃப்ட்காரர் தனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாருமில்லை.

"அடைக்கிறதுக்கு முந்தின நாள் நானும் போயிருந்தேன்" என்றார் சோளக்காரர். "அந்தப் பொந்துல கைய விட்டுப் பாத்தேன். உள்ள போய்க்கிட்டே இருந்துச்சு. அன்னையிலிருந்தே உங்ககிட்ட பேசணும்னு இருக்கேன். வாய் வரல."

"அதுக்கென்ன தம்பி."

"அது இருக்கட்டும். இந்தக் கிணத்தைப் பாருங்க. காலைல ஒரு முழம் ஏறியிருக்கு, மத்தியானம் இறங்கிடுது. நான் மோட்டாரே போடல. சுத்துவட்டாரத்துல யாரும் போடல. பத்து நாளா மண்டையக் குடையுது."

லிஃப்ட்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிணற்றுச் சுவரில் குப்புறச் சாய்ந்து எட்டிப் பார்த்தார். "கயிறு இருக்கா? ஒரு கல்லும் வேணும்."

சோளக்காரர் கயிறு எடுக்க ஓடினார்.