அறுபத்தொன்று என்று சொன்ன நாள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கணினி தெரியும் என்ற தலைக்கனம் வேறு. இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை இலங்கைத்துறை என்ற ஊரில்தான் கண்டேன்.

வெள்ளம் வந்த வருடம், திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு நிவாரணச் சங்கத்தில் வேலை செய்தேன். கூரை போன வீடுகளுக்கு மேலே விரித்துக் கட்டத் தறப்பாள் கொடுக்க வேண்டும். எங்கள் கிளாக்கர் ஐயா கையால் எழுதி வந்த பெயர்களைப் பைதன் மொழியில் நான் எழுதிய நிரலில் ஏற்றி, எத்தனை பேர் என்று லென் கட்டளையால் கேட்டேன். அறுபத்தொன்று என்றது.

"பிள்ளை, நான் அறுபத்திரண்டெல்லே எழுதினனான்?" என்றார் ஐயா.

"உங்கட கண்ணாடியை மாத்துங்கோ ஐயா. மெசின் பிழை விடாது," என்று சிரித்தேன். அவரோ அறுபத்திரண்டு தறப்பாளையே லொறியில் ஏற்றினார்.

ஊரில், கோயில் முன்றலில் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தோம். கடைசியாக ஒரு பெண் வந்து தன் பெயரைச் சொன்னார். அந்தப் பெயருக்குக் கொடுத்தாயிற்று என்று கணினித் திரையில் இருந்தது.

"நான் இன்னும் வாங்கேல்லை பிள்ளை."

"வாங்கிப்போட்டுத் திரும்ப வந்து நிக்கிறீங்களே? உங்களைப் போல கள்ளியளாலதான் இல்லாததுகளுக்கு ஒண்டும் கிடைக்கிறேல்லை!"

சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

எல்லாரும் கலைந்த பிறகு பார்த்தால், லொறியில் ஒரு தறப்பாள் மிச்சம். கணினியைத் திறந்து மூலப் பட்டியலின் நீளத்தைக் கேட்டேன். அறுபத்திரண்டு. நான் முதலில் எண்ணியது அதையல்ல, அதிலிருந்து நிரலுக்குள் செய்த ‘அகராதி’ என்ற தொகுப்பை. பட்டியலில் ஒரே பெயர் இருமுறை வந்தால் இரண்டென்றே எண்ணும். அகராதியில் ஒரு பெயருக்கு ஓரிடந்தான். பின்னால் வருவது முன்னால் வந்ததை அழித்துவிடும். அந்த ஊரிலோ பெண் பிள்ளைக்கு அம்மன் பெயர் வைக்காத வீடு குறைவு. முன்னெழுத்தும் ஒன்றாக இரண்டு பெண்கள் இருந்திருக்கிறார்கள். ஐயோ, அதைக்கூட யோசிக்காமல் என்ன நிரல் எழுதினேன்!

தறப்பாளைத் தூக்கிக்கொண்டு, நான் ஏசிய பெண்ணின் வீட்டை விசாரித்து ஓடினேன். மழை தூறத் தொடங்கியிருந்தது. கூரையில்லாத அறையில் அரிசிப் பானையைச் சாக்கால் மூடிக்கொண்டிருந்தார்.

"அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. கம்பியூட்டர் பிழை விட்டிட்டுது."

"கள்ளி எண்டு கம்பியூட்டரே சொன்னது?"

"நான்தான் சொன்னனான்," என்றேன் ஒருவாறு.

"அப்ப கோயிலடிக்கு வந்து, அதே சனத்துக்கு முன்னால சொல்லுங்கோ. பிறகு வாங்கிறன்."

"சனமெல்லாம் வீட்ட போயிட்டுது அக்கா. நாளைக்கு வந்து கட்டாயம் சொல்லுறன். இப்ப இதை வையுங்கோ."

"ஓம், நாளைக்கு வாங்கிறன்."

மழை பலத்தது. அவர் நனைந்துகொண்டே நின்றார். தறப்பாளைத் தொடவில்லை.