ஒரே நோட்டாக மாற்றினேன்

சொல்ல இன்றும் கூசுகிறது. அறுபத்து நான்கில் ரங்கூனின் அலோன் பேட்டையில் எங்கள் வரிசை வீடுகளுக்குத் தண்ணீர்ப் பணம் வசூலித்தவன் நான். தெருமுனையில் மொஹிங்கா என்னும் மீன்சாற்று நூடுல்ஸ் காய்ச்சி விற்ற செல்லம்மாக்கா கசங்கிய ஒற்றை நோட்டுகளை நீட்டியதும் எரிந்து விழுந்தேன்.

"இந்தக் குப்பையை யாரு எண்ணுறது, அக்கா?"

வசூலான சில்லறையைக் கடையில் கொடுத்து, ஒரே நூறு கியாட் நோட்டாக மாற்றிக்கொண்டேன்.

மறுநாள் வானொலியில் அறிவித்தார்கள்: நூறு கியாட் நோட்டு இனிச் செல்லாது. அன்றே பணம் கட்டாவிட்டால் நகராட்சியார் குழாயை அடைத்துவிடுவார்கள். குழாயடியில் எல்லோரையும் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன்.

செல்லம்மாக்காதான் முதலில் மடியை அவிழ்த்தார்.

"மறுபடி என் பங்கு, தம்பி. சில்லறையாத்தான் இருக்கு, வாங்கிக்குவியா?"

அன்றிலிருந்து கசங்கிய நோட்டை நான் இரு கையாலும்தான் வாங்குகிறேன்.