எட்டு போடும்போது விரலை எண்ணாதீர்கள்

இன்று காலை மதுராந்தகத்தில் டிரைவிங் டெஸ்ட். ஸ்கூட்டியில் கால் ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டினால் லைசென்ஸ்.

வீட்டில் இருப்பது ஒரே ஸ்கூட்டி. அதை என் வீட்டுக்காரர் தினமும் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். அதனால் நான் கனவில் பழகினேன்.

சிரிக்காதீர்கள். கனவுக்குள் இருக்கும்போதே இது கனவு என்று கண்டுபிடித்துவிட்டால், அதில் எதையும் பழகலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். கண்டுபிடிக்க விரல்களை எண்ண வேண்டும். கனவில் கணக்கு தப்பாக வருமாம். வந்தது! புதுப்பட்டினம் கடற்கரை மணலில்கூட எட்டு போட்டேன்.

இன்றும் எட்டு அழகாகத்தான் வந்தது. பாதி வளைவில் சந்தேகம் வந்துவிட்டது. நானா இவ்வளவு நன்றாக ஓட்டுகிறேன்?

பழக்கதோஷம். இடது கையை எடுத்து விரல்களை எண்ணினேன்.

சரியாக ஐந்து.

அந்த அதிர்ச்சியில் ஸ்கூட்டி நேராகப் போய் பிரேக் இன்ஸ்பெக்டரின் நாற்காலியில் முட்டி நின்றது.

"இன்னாமா, வண்டி ஓட்டச் சொன்னா வெரல எண்ணிகினு கீற?"

"கனவான்னு பார்த்தேன் சார்."

"பாத்துட்டியா? நெஜம்தான். பெயிலு. அப்பால வா."

லீவு போட்டுவிட்டுக் கூட வந்த வீட்டுக்காரர் சொன்னார்: "கனவுலயே லைசென்ஸையும் வாங்கிக்கினு வந்திருக்கலாம்ல?"

வாங்கினேனே! கனவில் வரும் பிரேக் இன்ஸ்பெக்டர் தினமும் என்னைப் பாஸ் போடுகிறார். தங்கமான மனுஷன். அவர் எந்த ஆபீஸில் உட்கார்கிறார் என்று தெரிந்தவர்கள் கமென்ட்டில் சொல்லுங்கள்.